ஈறு வெந்துபோச்சு, கிராம்பு எண்ணெய் வைக்கலாமா?

பாறசாலை பஸ் · 30 ஆகஸ்ட் 2023, காலை 7.40

நேத்து திருவோணம். இலையில அடைப் பிரதமன் சுடச்சுட ஊத்தினாங்க, பழத்தையும் பப்படத்தையும் நொறுக்கிப் போட்டு ஒரு வாய் வச்சதோட சரி. மேல் முன்பல்லுக்குப் பின்னால ஈறு வெந்திருச்சு. இன்னைக்கு அங்க வெள்ளையா ஒரு படலம். அது போக கீழ இடதுபக்கம், கடைசிப் பல்லை ஒட்டி, கன்னம் பாத்த பக்கத்து ஈறும் வெள்ளையாச் சுருங்கிக் கெடக்கு. எரிச்சல் அங்கதான் கூடுதல். கிராம்பு எண்ணெயைப் பஞ்சுல தொட்டு வச்சா ரெண்டு நாள்ல ஆறிரும்னு வீட்ல சொல்றாங்க. வெந்த ஈறுக்குக் கிராம்புதான் மருந்து, சரிதானே?

கடைவாய்ப்பல் · 30 ஆகஸ்ட், காலை 9.10

சரியில்லை. கிராம்பு எண்ணெயை எடுத்து அலமாரியில வச்சிருங்க. வெந்த இடத்துல அதை வச்சா வெந்தது மேல வேகும்.

ரெண்டு இடத்தையும் ஒரே காயமா நினைக்காதீங்க. முன்பல்லுக்குப் பின்னால இருக்கறது பிரதமன் வேலைதான். சூடுன்னு தெரிஞ்சதும் நாக்கு பின்வாங்கிரும். வாய்க்குள்ள வந்தது அண்ணத்துலயும், முன்பல்லுக்குப் பின்னால இருக்கற மேட்டுலயும் போய் மோதும். அங்க தோல் எலும்போட ஒட்டினாப்ல இருக்கும், விலகிக்க இடம் கிடையாது. சாயான்னா தொண்டைக்குள்ள ஓடிரும். பிரதமன் வெல்லமும் தேங்காய்ப்பாலும் அடையுமா கொழகொழன்னு இருக்கறதால ஒட்டிக்கிட்டு நின்னு வேக வைக்கும். தோலுக்குச் சொல்ற கணக்குல 60 டிகிரி சூடு 5 விநாடி நின்னா ஆழமான காயம், 70 டிகிரின்னா ஒரு விநாடி போதும். எவ்வளவு சூடுங்கறதோட எவ்வளவு நேரம் நின்னதுன்னும் பாக்கணும்.

கீழ்க் கடைவாய்ப்பல்லுக்கு வெளிப்பக்கத்துப் பள்ளம் வேற கதை. பாயசம் அங்க மட்டும், அதுவும் ஒரு பக்கம் மட்டும் போய்ச் சுட்டதா நம்ப முடியல. அந்த இடத்துல எதையாவது அடக்கி வச்சீங்களா? மாத்திரை, பஞ்சு, பூண்டு, உப்புக்கல், புகையிலை, எதுவா இருந்தாலும் சொல்லுங்க.

அதுவரைக்கும்: ஒரு கிளாஸ் வெதுவெதுத் தண்ணியில அரை டீஸ்பூன் உப்பு. வாயில 30 விநாடி வச்சிருந்து மெல்லத் துப்பணும், பலமாக் கொப்பளிக்கக் கூடாது. ஒரு நாளைக்கு 4, 5 தடவை. வலிக்குப் பாராசிட்டமால் 500 மில்லிகிராம், முழுங்கணும், 6 மணி நேரத்துக்கு ஒண்ணு போதும். ஐஸ் கட்டி சப்பலாம். படலத்தை நகத்தாலயோ பிரஷ்ஷாலயோ உரிக்காதீங்க, அதுதான் இப்போ கட்டு.

பாறசாலை பஸ் · 30 ஆகஸ்ட், காலை 10.05

அடக்கி வச்சது உண்டு. ஒரு வாரமா அந்தப் பல்லுல வலி. ஆஸ்பிரின் மாத்திரையை ரெண்டு ராத்திரி ஈறோரமா வச்சுத் தூங்கினேன். ஆனா அது வலி மாத்திரை, மருந்தாச்சே. மருந்து சுடுமா?

கடைவாய்ப்பல் · 30 ஆகஸ்ட், பகல் 1.20

சுடும். ஆஸ்பிரினோட முழுப்பேரு அசிட்டைல் சாலிசிலிக் அமிலம். வயித்துக்குள்ள போய் ரத்தத்துல கலந்தாத்தான் அது வலியைக் குறைக்கும். ஈறுல வச்சா பல்லுக்குள்ள இருக்கற நரம்புக்கு ஒண்ணும் எட்டாது. எச்சில்ல கரைஞ்சு அங்கேயே அமிலமா நின்னு, மேல்தோல்ல இருக்கற புரதத்தை முட்டை வெள்ளைக்கரு வெந்தாப்ல உறைய வைக்கும். அதான் அந்த வெள்ளை, அந்தச் சுருக்கம். ரெண்டு ராத்திரின்னா தூக்கத்துல பல மணி நேரம். தூங்கறப்ப எச்சிலும் கம்மி, கழுவிவிட ஆள் இல்லை.

பாக்கத் தெரிஞ்சவங்க இதை ஒரு பார்வையில கண்டுபிடிப்பாங்க. நீங்களும் பாக்கலாம். கண்ணாடி முன்னால நின்னு, ஒரு விரலால கன்னத்தை இழுத்துப் பிடிச்சு, போன் டார்ச்சை அடிங்க. சுத்தமான துணி நுனியால எச்சிலை ஒத்தி எடுங்க. சூட்டுல வெந்ததுன்னா ஓரம் மங்கலா, சுத்தி நல்ல சிவப்பா இருக்கும். மாத்திரை சுட்டதுன்னா வெள்ளைக்கு ஓரம் தெளிவா, பெரும்பாலும் மாத்திரை கெடந்த வடிவத்துலயே, ஈரத்துல ஊறின காகிதம் மாதிரி மடிப்போட இருக்கும். துணியால அழுத்தித் தேய்ச்சா உரிஞ்சு வந்து, அடியில ரத்தம் கசியிற பச்சைப்புண் தெரியும். தேய்க்காதீங்க, தெரிஞ்சுக்கத்தான் சொல்றேன்.

இன்னொண்ணு. இங்க மழைக்காலம்னா டெங்கு நடமாட்டம் இருக்கு. காய்ச்சல் இருக்கற நேரத்துல எந்த வலிக்கும் ஆஸ்பிரின் தொடாதீங்க, ரத்தக்கசிவு கூடும். 16 வயசுக்குக் கீழே எப்பவுமே கூடாது.

மருந்துக்கடை மாடி · 30 ஆகஸ்ட், மாலை 6.30

இதுக்குப் போய் இவ்வளவு எழுதணுமா? கடையில வாய்ப்புண் ஜெல் 10 கிராம் ட்யூப் கிடைக்கும். நாளைக்கு 4 தடவை தடவினா மரத்துப் போய் ஆறிரும்.

கடைவாய்ப்பல் · 30 ஆகஸ்ட், இரவு 8.45

எந்த ஜெல்? ட்யூப்பைத் திருப்பி லேபிளைப் படிங்க. பல ட்யூப்ல கோலின் சாலிசிலேட்டுன்னு இருக்கும். ஆஸ்பிரின் குடும்பத்துப் பங்காளி அது. ஆஸ்பிரின் சுட்ட புண்ணுக்கு மேல சாலிசிலேட் பூசறது, தீ வச்சவனையே தண்ணி ஊத்தக் கூப்பிடற மாதிரி. பதினாறு வயசுக்குக் கீழே அதுவும் வேண்டாம்.

லிக்னோகெய்ன் 2 சதவீதம் மட்டும் இருக்கற ஜெல்லுன்னா பெரியவங்களுக்குச் சரி. கடுகளவு எடுத்து, ஈரத்தை ஒத்திட்டு, தேய்க்காம ஒத்தி வைக்கணும். சாப்பாட்டுக்கு 10 நிமிஷம் முன்னால வச்சீங்கன்னா மரத்த வாயோட கன்னத்தைக் கடிச்சுக்குவீங்க, சூடும் தெரியாது. அதனால சாப்பிட்ட பிறகு, படுக்கறதுக்கு முன்னால. பச்சைக்குழந்தைக்குப் பல் முளைக்கிற வலிக்குன்னு இதையோ பென்சோகெய்னையோ தடவவே கூடாது. பென்சோகெய்ன் ரத்தத்துல ஆக்சிஜன் ஏறவிடாமப் பண்ணும், குழந்தை நீலம் பாரிக்கும். லிக்னோகெய்ன் முழுங்கி வலிப்பு வந்தது உண்டு.

ஸ்டீராய்டு பேஸ்ட் கேக்கறவங்களும் இருக்காங்க. அது ஆப்தஸ் புண்ணுக்கு, அதாவது தானா வந்து போற வாய்ப்புண்ணுக்கு. தீக்காயத்துக்கு முதல் கைமருந்தா எடுக்க வேண்டாம், பூஞ்சைக்கு வழி விடும்.

மருந்துக்கடை மாடி · 30 ஆகஸ்ட், இரவு 9.10

லேபிள் பாத்தேன். நீங்க சொன்னதேதான் இருக்கு. வாபஸ்.

ஒட்டுப்பால் · 31 ஆகஸ்ட், காலை 6.15

எங்க பக்கம் (குமரி மாவட்டம் அருமனை, குலசேகரம்) ஈறு வேகறதுன்னா பாயசம் யாருக்கும் ஞாபகம் வராது, ஆசிட்டுதான். ரப்பர் பாலை உறைய வைக்கிற ஃபார்மிக் ஆசிட் 85 சதவீதத்துல வரும். அதைத் தண்ணி விட்டு இளக்கித்தான் டிஷ்ஷுல இருக்கற பால்ல ஊத்தணும். இளக்கறப்ப தண்ணியில ஆசிட்டை ஊத்தணும், ஆசிட்டுல தண்ணியை ஊத்தக் கூடாது. தப்பு நடக்கறது ஒரே இடத்துல: பெரிய கேன்ல இருந்து கொஞ்சமா எடுத்துக் குளிர்பானப் பாட்டில்லயோ குடிதண்ணிப் பாட்டில்லயோ ஊத்தி ஷீட் அடிக்கிற புரையில வைக்கிறது. பாக்கத் தண்ணி மாதிரியே இருக்கும். வெயில்ல வந்தவன் ஒரு மடக்கு. உதடு, ஈறு, நாக்கு, தொண்டை. உடனே என்ன பண்ணணும்னு யாராவது தெளிவா எழுதுங்க. மோர் குடு, சோப்புத்தண்ணி குடு, வாந்தி எடுக்க வைன்னு ஆளுக்கொண்ணு சொல்றாங்க.

கடைவாய்ப்பல் · 31 ஆகஸ்ட், காலை 8.00

அண்ணே, இதை எல்லாரும் தனியாப் படிக்கட்டும்.

வாயில பட்டுத் துப்பிட்டாருன்னா: உடனே தண்ணி. மடக்கு மடக்கா எடுத்து, தலையை முன்னால குனிஞ்சு, துப்பிக்கிட்டே இருக்கணும். 15, 20 நிமிஷம், கடிகாரத்தைப் பாத்து. ரெண்டு மடக்கோட நிறுத்தற ஆளுங்கதான் அதிகம். குனிஞ்சு துப்பணும், அண்ணாந்து கொப்பளிச்சா தொண்டைக்குள்ள போகும். கண்ணுலயோ தாடையிலயோ வழிஞ்சிருந்தா அதையும் கழுவுங்க, பட்ட சட்டையைக் கழட்டுங்க.

முழுங்கிட்டாருன்னா: வாயை மட்டும் கழுவுங்க. வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, ஒரு தடவை சுட்ட தொண்டையை வர்ற வழியில இன்னொரு தடவை சுடும். சோடா உப்பு, சோப்பு, சுண்ணாம்புத் தண்ணி குடுத்து அமிலத்தை முறிக்கப் பாக்காதீங்க. முறியறப்பவே சூடு கிளம்பும், வாயு கிளம்பும். 108 கூப்பிடுங்க, தமிழ்நாடு, கேரளா எல்லைக்கு ரெண்டு பக்கமும் அந்த நம்பர்தான். ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜோ திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜோ, எது பக்கமோ அங்க. ஈறுல தெரியிற வெள்ளை சின்னதா இருக்குன்னு வீட்ல உக்காராதீங்க. ஃபார்மிக் ஆசிட் ரத்தத்துக்குள்ள போய்ச் சிவப்பணுவை உடைக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். எச்சில் முழுங்க முடியாம வழியறது, குரல் மாறறது, மூச்சுல விசில் கேக்கறது, கறுத்த மூத்திரம், எல்லாம் அவசரம்.

கேனையும் கூடவே எடுத்துட்டுப் போங்க. லேபிள்ல என்ன ஆசிட், எத்தனை சதவீதம்னு டாக்டர் கேப்பாங்க.

கடைவாய்ப்பல் · 31 ஆகஸ்ட், காலை 8.20

நேத்து ஐஸ் கட்டி சப்பலாம்னு எழுதினேன். திருத்தம். ஃப்ரீசர்ல இருந்து எடுத்த கையோட காஞ்ச ஐஸை வெந்த ஈறுல வச்சா ஒட்டிக்கும், இழுக்கறப்ப தோலோட வரும். தண்ணியில ஒரு தடவை முக்கி எடுத்து, ஓரம் மழுங்கின துண்டை நாக்கு மேல வச்சுக்கலாம். புண்ணு மேல நேரா வேண்டாம். அப்புறம், குளிர வைக்கிறதால காயத்தோட ஆழம் குறையறது சுட்ட முதல் 3 மணி நேரத்துக்குள்ளதான், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அடுத்த நாள் வைக்கிற ஐஸ் வலிக்கு மட்டும். பச்சைத்தண்ணியை வாயில நிறுத்தி, வெதுவெதுப்பானதும் துப்பி, மறுபடி எடுக்கறதுதான் சூட்டுக்காயத்துக்கு முதல் வைத்தியம். சபையில இலை முன்னால உக்காந்திருக்கறப்ப எழுந்து போக கூச்சமா இருக்கும். பக்கத்துல இருக்கற தண்ணி கிளாஸ் போதும்.

அண்டி ஆபீஸ் · 31 ஆகஸ்ட், பகல் 2.40

பச்சைக் கொல்லாங்கொட்டையை (முந்திரிக்கொட்டை) பையனுங்க பல்லால கடிக்கிறதையும் சேத்துக்கோங்க. வறுக்காத கொட்டை ஓட்டுல இருக்கற எண்ணெய். அண்டி ஆபீஸ்ல (முந்திரி ஆலை) வேலை பாக்கறவங்க கைக்குச் சாம்பலோ எண்ணெயோ பூசிக்கிட்டுத்தான் ஓடு உடைப்பாங்க. வாய்க்கு என்ன பூசறது?

கடைவாய்ப்பல் · 31 ஆகஸ்ட், இரவு 7.30

நல்லாச் சொன்னீங்க, விட்டுப்போச்சு. அந்த எண்ணெயில அனகார்டிக் அமிலமும் கார்டாலும் இருக்கு. தண்ணியில கரையாது, அதனால வெறும் கொப்பளிப்புல போகாது. முதல்ல காஞ்ச துணியால உதட்டையும் ஈறையும் ஒத்தி எடுக்கணும், தேய்ச்சா பரவும். அப்புறம் தேங்காய் எண்ணெயை விரல்ல தொட்டு உதட்டுல தடவி அதையும் துணியால எடுத்துட்டு, அதுக்கப்புறம் தண்ணி. இதுல ஒரு ஏமாத்து உண்டு: முதல் மணி நேரம் லேசாத்தான் எரியும், மறுநாள் உதடு வீங்கிக் கொப்புளம் விடும், வாயோரம் கறுக்கும். கொப்புளத்தை உடைக்காதீங்க. மாங்காய்க் காம்புப் பால் பண்றதும் இதே குடும்பத்து வேலைதான். சேங்கொட்டையும்.

இதோட எருக்கம்பாலையும் கள்ளிப்பாலையும் சேத்துக்கோங்க. சொத்தைப் பல்லுல ஒரு சொட்டு விட்டா புழு செத்து வலி போகும்னு ஒரு வைத்தியம் நடக்குது. பல்லுக்குள்ள புழுவே கிடையாது. சொட்டு குழிக்குள்ள நிக்காம ஈறுக்கும் கன்னத்துக்கும் வழிஞ்சு, மறுநாள் வாயைத் திறக்க முடியாம வருவாங்க. கண்டங்கத்திரி விதையை நெருப்புல போட்டுப் புகையைக் குழாய் வழியா வாய்க்குள்ள விடறதும் உண்டு. அதுல மருந்தைவிடச் சூடுதான் ஈறுல எறங்கும்.

முறுக்கான் பாட்டி பேரன் · 1 செப்டம்பர், காலை 11.00

எல்லாரும் ஆசிட் ஆசிட்டுங்கறீங்க. எங்க பாட்டி முறுக்கான்ல சுண்ணாம்பு கூடினா "வாய் வெந்துபோச்சு"ன்னு சொல்லும், ரெண்டு தேங்காய்ச் சில்லை மென்னுட்டு அடுத்த வெத்தலையை எடுக்கும். சுண்ணாம்பு ஆசிட்டுக்கு எதிர்ப்பதம்தானே, அது எப்படிச் சுடும்?

கடைவாய்ப்பல் · 1 செப்டம்பர், பகல் 12.30

எதிர்ப்பதம்தான் மோசம். அமிலம் சுட்டா மேல்தோல் உறைஞ்சு கெட்டியாகி, அதுவே கீழ எறங்கவிடாம ஓரளவு தடுக்கும். சுண்ணாம்பு மாதிரிக் காரம் அப்படி இல்லை. தோல்ல இருக்கற கொழுப்பைச் சோப்பாக்கி, வழுவழுன்னு கரைச்சுக்கிட்டே ஆழத்துக்குப் போகும். பி.எச்.ங்கறது அமிலமா காரமான்னு காட்டற அளவு, 7 நடு, அதுக்கு மேல காரம். ஊறின சுண்ணாம்புத் தண்ணிக்கு அது 12.4. மனுஷ எச்சில் ஏறக்குறைய 7.

பாட்டி பொழைக்கறது அளவால. வெத்தலை முதுகுல விரலால மெல்லிசா இழுத்துட்டா பாக்கும் எச்சிலும் சேர்ந்து அதைக் கலைச்சிரும். கட்டியா ஒரு பொட்டு விழுந்து கன்னத்துப் பள்ளத்துல மாட்டினாத்தான் சுடும். பச்சைச் சுண்ணாம்பு, அதாவது சரியா நீத்தாத கல் கலந்ததுன்னா இன்னும் மோசம், எச்சில் பட்டதும் அது வாய்க்குள்ளேயே நீறும், சூடாகும். கட்டியை விரலால துடைச்சு எடுத்து வெளிய போட்டுட்டு, அதுக்கப்புறம் தண்ணியில 15 நிமிஷம் துப்பணும். புளி, எலுமிச்சை, வினிகர் ஊத்தி முறிக்கறது வேண்டாம், காரணம் மேல ஆசிட்டுக்குச் சொன்னதுதான். தேங்காய்ச் சில்லு கெடுதல் இல்லை, கட்டியைத் துடைச்சு எடுக்கும், எச்சில் ஊற வைக்கும். பாட்டி விவரம்தான். முறுக்கானைப் பத்தி வேற பேச்சு இருக்கு, அதுக்குக் கீழ வர்றேன்.

முறுக்கான் பாட்டி பேரன் · 1 செப்டம்பர், பகல் 12.45

"ஈறு"ன்னு சொன்னா பாட்டி தலையைச் சொறியுது. எல்லை தாண்டினா "மோண"ன்னு சொல்லுவாங்க, அப்படிச் சொன்னாத்தான் புரியுது.

பாறசாலை பஸ் · 3 செப்டம்பர், காலை 8.15

அஞ்சாம் நாள். முன்பக்கத்துப் படலம் தானா உரிஞ்சு போச்சு, அடியில ரோஸா இருக்கு, உப்புத்தண்ணி பட்டா மட்டும் சுர்ருங்குது. கடைவாய்ப் பக்கம் பாதி உரிஞ்சிருக்கு, ஓரம் மஞ்சளா. சீழா? குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் வாங்கிக் கொப்பளிக்கட்டா? பிரஷ் பண்ணாம அஞ்சு நாளாச்சு.

கடைவாய்ப்பல் · 3 செப்டம்பர், காலை 10.00

பிரஷ் பண்ணாம விட்டதுதான் தப்பு. மத்த பல்லு எல்லாத்தையும் மிருதுவான பிரஷ்ஷால தேய்க்கலாம், புண் இருக்கற இடத்தை மட்டும் விட்டுருங்க. படிஞ்ச அழுக்குதான் புண்ணைச் சீழ் பிடிக்க வைக்கும். பேஸ்ட்டைப் பட்டாணி அளவு போதும், புதினாக் காரம் கம்மியான பேஸ்ட்டா. நுரைக்கிற சோடியம் லாரில் சல்ஃபேட் சிலருக்கு ஈறுல மெல்லிசா வெள்ளைச் சவ்வு உரிய வைக்கும், வலியே இருக்காது. அதையும் தீக்காயம்னு பயந்துட்டு வர்றாங்க, பேஸ்ட்டை மாத்தினா போயிரும்.

மஞ்சள் எல்லாம் சீழ் ஆகாது. ஆறுற புண்ணு மேல ஃபைப்ரின்ங்கற ரத்தப் புரதப் படலம் மஞ்சளாத்தான் இருக்கும். வீக்கம் கூடுது, வலி நாளுக்கு நாள் ஏறுது, காய்ச்சல், தாடைக்குக் கீழ நெறி கட்டுது, வாய் நாத்தம் திடீர்னு, இதெல்லாம் வந்தாத்தான் சீழ்னு சொல்லலாம்.

குளோர்ஹெக்சிடின் 0.2 சதவீதம் வாங்கலாம். ஆல்கஹால் இல்லாததா பாத்து வாங்குங்க, எரியும். 10 மில்லி, ஒரு நிமிஷம், நாளைக்கு ரெண்டு தடவை, 7 நாளுக்கு மேல வேண்டாம். பல்லுல பழுப்புக் கறை விடும், ருசி கொஞ்சம் மாறும். முக்கியமா, பேஸ்ட்டுக்கும் அதுக்கும் அரை மணி நேரம் இடைவெளி விடணும், பேஸ்ட் நுரை அதைச் செயலிழக்க வச்சிரும். எரிச்சல் தாங்கலன்னா அதே அளவு தண்ணி கலந்துக்கலாம். வலிதான் பெரிசுன்னா பென்சிடமைன் 0.15 சதவீதக் கொப்பளிப்பு நல்லா மரக்க வைக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டாம். 3 சதவீதத்தை அப்படியே நாள்கணக்காக் கொப்பளிச்சு ஈறை வெள்ளையா வேக வச்சுக்கிட்டவங்க உண்டு. பல் வெளுக்கற ஜெல்லும் அதேதான், பல்லுல மாட்டற தட்டுல நிரப்பி வழியவிட்டா ஈறு சுடும். தட்டை மாட்டினதும் வெளிய பிதுங்கறதைத் துடைக்கணும். லேசான வெள்ளைன்னா சில மணி நேரத்துல பழைய நிறத்துக்கு வந்திரும்.

சாப்பாடு: ஆறின கஞ்சி, தயிர், மோர், ஆற வச்ச மரச்சீனி மசிச்சது, 2023ல புவிசார் குறியீடு வாங்கின நம்ம மட்டிப்பழம். குடம்புளி போட்ட மீன்கறி, அன்னாசி, எலுமிச்சை ஊறுகாய் 10 நாளுக்கு நிறுத்துங்க. முறுக்கும் பப்படமும் விளிம்புல குத்தும். தேன் தடவறது பெரியவங்களுக்குச் சரி, ஒரு வயசு நிறையாத குழந்தைக்குக் கூடாது.

ஆன்டிபயாட்டிக் கேக்காதீங்க. தேவையில்லை.

பல்செட்டு · 4 செப்டம்பர், மாலை 5.50

எங்க அப்பா மேல் தாடை முழுசெட்டு போட்டிருக்காரு. செட்டைக் கழட்டினா அடியில ஈறு அச்செடுத்த மாதிரி சிவப்பா இருக்கு. சாயா சூடா குடிக்கிறதாலயா?

கடைவாய்ப்பல் · 4 செப்டம்பர், இரவு 8.10

செட் அண்ணத்தை மூடறதால சூடு தெரியாம ஊத்திக்கறது உண்டு, அப்ப தொண்டைதான் வேகும். உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2016ல 65 டிகிரிக்கு மேல சூடாக் குடிக்கறதை உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம்னு வகைப்படுத்தியிருக்கு. ரெண்டு தடவை ஆத்தினா அந்த வம்பு இல்லை.

ஆனா செட்டோட அச்சு அப்படியே சிவந்திருந்தா பெரும்பாலும் தீக்காயம் இல்லை. ராத்திரியும் கழட்டாம இருக்கறதால வர்ற பூஞ்சை. கழட்டி வச்சுத் தூங்கச் சொல்லுங்க. வேற ரெண்டு சந்தேகமும் கேளுங்க. ஒண்ணு, செட்டை ப்ளீச்சுல ஊறப்போட்டுச் சரியாக் கழுவாம மாட்டறாரா. ரெண்டு, உடைஞ்ச செட்டை உடனடிப் பசையால ஒட்டினாரா. அந்தப் பசை ஈரம் பட்டா சூடாகி இறுகும், பஞ்சுல பட்டாப் புகையே வரும். லூசான செட்டுக்கு அடியில வீட்லயே பிளாஸ்டிக் மாவு குழைச்சு வச்சுக்கறதும் அப்படித்தான், வாய்க்குள்ள இறுகற நேரத்துச் சூடும் கலவைத் திரவமும் சேர்ந்து சுடும்.

பல் எடுக்க மரக்க ஊசி போட்டவங்களுக்கும் இதே எச்சரிக்கைதான். கீழ்த்தாடை ஊசின்னா 3 மணி நேரத்துக்கு மேலயும் மரத்திருக்கும். உதடு முழுசா உணர்வு வர்றவரைக்கும் சாயா வேண்டாம்.

ஒட்டுப்பால் · 4 செப்டம்பர், இரவு 9.00

சார்ஜர் ஒயரைக் கடிக்கிற குழந்தைங்க?

கடைவாய்ப்பல் · 4 செப்டம்பர், இரவு 9.25

சுவிட்சை அணைச்சுட்டுத்தான் குழந்தையைத் தொடணும். கரண்ட்டுல வாயோரம் சாம்பல் நிறமா, வலியே இல்லாத மாதிரி இருக்கும், ஏமாந்துராதீங்க. கண்டிப்பா ஆஸ்பத்திரி. 5ல இருந்து 14 நாளுக்குள்ள, காஞ்ச பொருக்கு விழறப்ப, உதட்டு ரத்தக்குழாய் திறந்து திடீர்னு கொட்டும். அப்படி ஆனா கட்டைவிரலை வெளியவும் ஆள்காட்டி விரலை உள்ளயும் வச்சு உதட்டை நசுக்கிப் பிடிச்சுக்கிட்டே போகணும். பட்டன் பேட்டரி ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவுல மாட்டினாலும் நேரம் கடத்தாதீங்க. ஈரத்துல அது காரத்தை உண்டாக்கி ஒண்ணு ரெண்டு மணி நேரத்துலயே அரிச்சிரும்.

மீன்கறி · 6 செப்டம்பர், காலை 9.30

எனக்குச் சூடும் படல, ஆசிட்டும் படல, மாத்திரையும் வைக்கல. ஆறு மாசமா காரம் தொட்டா வாய் முழுக்க எரியுது. ஈறும் கன்னமும் வெளிறித் தெரியுது. உப்புத்தண்ணி ஒரு மாசம் கொப்பளிச்சும் குறையல. இது எந்த வகைத் தீக்காயம்?

கடைவாய்ப்பல் · 6 செப்டம்பர், பகல் 1.15

தீக்காயம்னா அது பட்ட நேரம்னு ஒண்ணு இருக்கும், அதுக்கப்புறம் நாளுக்கு நாள் குறையும். உங்களுக்கு ரெண்டும் இல்லை. பாக்கு, பான் மசாலா, முறுக்கான், ஏதாவது பழக்கம் உண்டா? இப்பவே ஒரு சோதனை: வாயை முழுசாத் திறந்து, உங்க கையோட ஆள்காட்டி, நடு, மோதிர விரல் மூணையும் அடுக்கி நெடுக்கா முன்பல்லுக்கு நடுவுல வைங்க. மூணும் போகணும். ரெண்டுதான் போகுது, கன்னத்தை உள்பக்கமாத் தடவினா கயிறு மாதிரி நார் தட்டுதுன்னா அது சளிச்சவ்வு இறுகற நோய். பாக்குதான் காரணம், புகையிலை சேக்காத வெறும் பாக்கே போதும். எரிச்சல்தான் அதோட முதல் அறிகுறி. காரத்தைக் குறைச்சு எரிச்சலைச் சமாளிக்கிறவங்க நோயைக் கவனிக்காம விட்டுருவாங்க. புற்றுநோயா மாறுற வாய்ப்பு உள்ள நிலை இது. பாக்கை இன்னைக்கே நிறுத்திட்டு, திருவனந்தபுரம் அரசு டென்டல் காலேஜ் மாதிரி வாய்நோய்ப் பிரிவு இருக்கற இடத்துக்குப் போங்க. பாட்டி பேரன், முறுக்கானைப் பத்தி வர்றேன்னு சொன்னது இதுதான்.

பாக்குப் பழக்கமே இல்லைன்னா இரும்புச்சத்து, பி12, சர்க்கரை மூணையும் ரத்தத்துல பாருங்க. மாதவிடாய் நின்ன பெண்களுக்கு ஒண்ணுமே தெரியாம வாய் மட்டும் எரியற நோயும் உண்டு.

மீன்கறி · 6 செப்டம்பர், பகல் 1.40

ரெண்டு விரல்.

கடைவாய்ப்பல் · 6 செப்டம்பர், பகல் 1.44

இந்த வாரமே போங்க.

பாறசாலை பஸ் · 12 செப்டம்பர், காலை 7.50

பதினாலாம் நாள். முன்பக்கம் எங்க வெந்ததுன்னே தெரியல. கடைவாய்ப் பக்கம் மூடியிருச்சு, ஆனா பல்லோட வேர் ஒரு நூல் அளவு கூடுதலா வெளிய தெரியுது, குளிர்ந்த தண்ணி பட்டா கூசுது. பல்வலி அப்படியே இருக்கு. இப்ப கிராம்பு எண்ணெய் வைக்கலாமா?

கடைவாய்ப்பல் · 12 செப்டம்பர், காலை 8.30

ரெண்டு வாரத்துல மூடினதால காயக் கணக்கு முடிஞ்சது. வெள்ளை எங்கயாவது மிச்சம் இருந்திருந்தா, அதுவும் துடைச்சா வராத வெள்ளையா இருந்திருந்தா, சதை எடுத்துப் பரிசோதிக்கணும்னு சொல்லியிருப்பேன். ஈறு எறங்கினது திரும்ப ஏறாது. கூச்சத்துக்குப் பொட்டாசியம் நைட்ரேட் 5 சதவீதப் பேஸ்ட் ரெண்டு, மூணு வாரம் தேய்ச்சுப் பாருங்க.

கிராம்பு எண்ணெய் பல் டாக்டரைப் பாக்கற வரைக்கும் ஒரு ராத்திரிக்குன்னா வைக்கலாம், வைக்கிற விதம் இருக்கு. ஒரு டீஸ்பூன் தேங்காய் எண்ணெயில ஒண்ணு ரெண்டு சொட்டு, அதுக்கு மேல வேண்டாம். பஞ்சை அரிசி அளவு உருட்டி, தொட்டு, நல்லாப் பிழிஞ்சு, சொத்தைக் குழிக்குள்ள மட்டும். ஈறுல படக் கூடாது. 10 நிமிஷத்துல எடுத்துரணும், வச்சுக்கிட்டுத் தூங்கக் கூடாது. எண்ணெயில பெரும்பங்கு யூஜினால், நீர்க்காம வச்சா அதுவும் ஆஸ்பிரின் மாதிரியே சுடும். சின்னக் குழந்தைக்கு வேண்டவே வேண்டாம், முழுங்கினா கல்லீரல் கெடும்.

வலி ரெண்டு வாரம் தாண்டிருச்சு. படுத்தா கூடுதா, சாயா பட்டா நின்னு வலிக்குதான்னு கவனிச்சுட்டு நாளைக்கே பல்லைக் காட்டுங்க. வேர் சிகிச்சைன்னு சொன்னா ரப்பர் டேம் போடுவீங்களான்னு கேளுங்க.

ஒட்டுப்பால் · 12 செப்டம்பர், காலை 8.52

அங்கயும் ரப்பரா?

கடைவாய்ப்பல் · 12 செப்டம்பர், காலை 9.05

உங்க தோட்டத்துச் சரக்குதான் அண்ணே, மெல்லிசா அடிச்சது. வேரைக் கழுவ 3ல இருந்து 5 சதவீதம் சோடியம் ஹைப்போகுளோரைட் விடுவாங்க, ப்ளீச்சுல இருக்கறதேதான். அந்த ரப்பர் ஷீட்டுல ஓட்டை போட்டுப் பல்லை மட்டும் வெளிய எடுத்துட்டா மருந்து ஈறுல வழியாது. நடுவுல ஈறு பக்கம் ப்ளீச் வாசனையோட எரிஞ்சா கையைத் தூக்குங்க, உடனே கழுவிருவாங்க.